அழிப்பான் துளைத்த பக்கம்

மகளின் தெலுங்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் துளை விழுந்திருக்கிறது. மிளகு ஒன்று நுழையும் அளவுதான். அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து அதை உண்டாக்கியவள் அவளல்ல, நான்.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம் அது. முதல் வகுப்பு. தெலுங்கின் ‘ஆ’ என்னும் எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுதிவர வேண்டும். அவள் எழுதியவை கோட்டுக்கு மேலும் கீழுமாக ஆடின. சில எழுத்துகளின் வால் போக வேண்டிய இடத்தை மறந்து எங்கோ சுருண்டுகொண்டது. ஒன்றை அழித்து, “மறுபடி எழுது” என்றேன். எழுதினாள். அதையும் அழித்தேன். நான்காம் முறை தாள் கிழிந்தது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் சமாதானம் செய்துவிட்டு நானும் மறந்திருப்பேன். பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, “நீயே எழுதிடும்மா. உனக்குத்தான் அழகா வரும்” என்றாள்.

எனக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேல்வரியில் ஆசிரியை எழுதித் தந்திருந்த எழுத்தை ஓர் ஓவியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, அதனோடு ஒத்துப்போகாதவற்றை அழித்துக்கொண்டிருந்தேன். அறியாத மொழியிலும் பிழை பொறுக்காத ஒருத்தி.

அதன்பின் அவள் ஒவ்வோர் எழுத்தையும் எழுதுமுன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினாள். சில நாள்களில் இடக்கையால் குறிப்பேட்டை மறைத்துக்கொண்டு எழுதலானாள். ஆகஸ்டில், புதிதாக எதை எழுதச் சொன்னாலும் வயிறு வலித்தது. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில், என் எதிரில் எழுதமாட்டேன் என்பதுதான் அவளுடைய நோய்.

மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மகள் பிறந்த மறு ஆண்டு ஒப்பிலக்கியத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு என் ஆய்வுப் பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வை முடிக்க ஆறு ஆண்டுகள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரலாம். பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஒருமுறை 240 நாள்கள் வரை. இந்த எண்களை என் கைபேசி எண்ணைப்போல் ஒப்பிப்பேன். ஆறாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்றாம் இயல் எட்டு மாதங்களாக என் கணினியிலேயே கிடந்தது. எழுதி முடிக்காமல் அல்ல, அனுப்ப மனமில்லாமல்.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்தபோது, ஆய்வேட்டில் கைகூடாத முழுமையை இங்கே கைப்பற்றிவிடலாம் என்று எண்ணினேன்போலும். பதினான்கு குறிப்பேடுகளுக்குப் பழுப்புத்தாள் உறையிட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. பெயர்ச்சீட்டுகளை அச்சிட்டு, எழுத்துரு பிடிக்காமல் மறுபடி அச்சிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை உணவுப் பெட்டிக்குள் என்ன போக வேண்டும் என்பதற்கு அட்டவணை ஒன்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்கியது. வகுப்புப் பெற்றோரின் வாட்சப் குழுவில் ஓர் அம்மா முயல் வடிவச் சப்பாத்தியின் படத்தை அனுப்பியிருந்தார். மறுநாள் நான் காரட்டை நறுக்கி இட்லிக்குக் கண்ணும் வாயும் வைத்து அனுப்பினேன். கண்ணும் வாயும் தின்னப்பட்டு, முகம் மட்டும் திரும்பி வந்தது.

அந்தக் குழுவின் பெயர் ‘மம்மீஸ்’ என்று முடியும். அதில் அப்பாக்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. என் இணையர் மகளை மஞ்சள் நிற ஆடை நாளன்று பச்சைச் சட்டையில் கொண்டுபோய் விட்டார். ஆசிரியை முதல் காவலாளி வரை எல்லோரும் சிரித்து, ‘இன்று அப்பா விட்டிருக்கிறார்’ என்று பாராட்டாகவே சொன்னார்களாம். அதே பச்சைச் சட்டையில் நான் கொண்டுபோய் விட்டிருந்தால்? எவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சொல்லாத அந்தச் சொல்லை நான் ஒரு வாரம் காதில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கனடிய உளவியலாளர்களான பால் ஹெவிட்டும் கோர்டன் பிளெட்டும் 1991இல் முழுமைநாட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: நம்மிடம் நாமே எதிர்பார்ப்பது, பிறரிடம் நாம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாம் நம்புவது. தாமஸ் கர்ரனும் ஆண்ட்ரூ ஹில்லும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்கள் 41,641 பேரிடம் திரட்டப்பட்ட தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன. மிக அதிகமாகக் கூடியிருந்தது மூன்றாவது. நம் ஊர்க் கணக்கு அதில் இல்லை. ஆனால் ஆய்வாளர் விடுதியில் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் மூன்றாவது வகை எது என்று எவருக்கும் விளக்க வேண்டியிராது. எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறு. இம்மூன்றையும் தனித்தனி அறைகளாக எண்ணியிருந்தேன். ஒன்றன் கதவு மற்றொன்றில் திறக்கிறது. பிறர் என்னிடம் எதிர்பார்ப்பதாக நான் நம்பியதை, ஆறு வயதுப் பெண்ணிடம் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ அதைத் தன்னிடம் தானே எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

தெலுங்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது சட்டத்தின் வழியாக. தெலங்கானாவில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தெலுங்கு கட்டாயம் என்று 2018இல் சட்டமியற்றினார்கள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை. 2006இல் தமிழ்நாட்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஓசூரிலோ கோவில்பட்டியிலோ வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு குழந்தையின் அம்மா, ‘ழ’கரத்தின் முன் எப்படி விழித்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைக்கிறேன், சட்டம் சரி என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

வீட்டுப்பாடத்தைப் பற்றியும் ஒரு வரி. இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை. அதற்கு முன்பே 2018இல் மத்திய வாரியப் பள்ளிகளின் முதலிரு வகுப்புகளைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் இதையே சொல்லியிருந்தது. எங்களுக்கு வருவது வீட்டுப்பாடமன்று, ‘பயிற்சி’. பெயரை மாற்றினால் பொருள் மாறும் என்ற நம்பிக்கை அறிஞர் உலகத்துக்கு மட்டும் உரியதன்று.

செப்டம்பரில் பெற்றோர் சந்திப்பு. தெலுங்கு ஆசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். என் மகளின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே, வீட்டில் யார் தெலுங்கு சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை, நான் சரிபார்த்துத் திருத்தி அனுப்புகிறேன் என்றேன், சற்றே பெருமையாக. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இனி அழிக்காமல் அனுப்புங்கள் என்றார். நான் விழிப்பதைக் கண்டு, வகுப்பில் அவள் எழுதிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

தெலுங்கில் பல மெய்யெழுத்துகளின் தலைமேல் சிறு குறி ஒன்று உண்டு, தலகட்டு என்பார்கள். ‘ப’வில் அந்தக் குறி எழுத்தைத் தொடாமல் தனியே நிற்க வேண்டும், ‘வ’வில் ஒட்டியிருக்கும். என் மகள் ‘ப’ எழுதும்போதெல்லாம் தலகட்டை ஒட்டி எழுதுகிறாள். பென்சிலை எடுக்காமல் எழுதும் பழக்கம். பெரும்பாலும் தமிழ் எழுத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆசிரியையின் ஊகம். இந்தக் குழந்தை எங்கே தவறுகிறாள், ஏன் தவறுகிறாள் என்று அவள் பிழையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள முடியும். நீங்கள் அதை அழித்துவிட்டு அனுப்பினால் எனக்கு உங்கள் மகள் தெரியவில்லை, நீங்கள்தான் தெரிகிறீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பெற்றோர் காத்திருந்தார்கள்.

வெளியே வந்து புங்க மரத்தடியில் சிறிது நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. தாய் என்ற முறையில் அல்ல. பதிப்பியல் மாணவி என்ற முறையில்.

எங்கள் துறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறதுறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நூலின் மூலப்படி அழிந்துபோய், படிகளின் படிகள் மட்டும் எஞ்சியிருக்கும்போது, எந்தச் சுவடி எதிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? சரியான பாடங்களால் பயனில்லை. எல்லாச் சுவடிகளிலும் சரியாக இருப்பது எவற்றின் உறவையும் காட்டாது. இரண்டு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால்தான் அவற்றுக்கு உறவு உண்டு என்று கொள்ளலாம். ஜெர்மனியில் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் பதிப்பு முறைக்கு அடிப்படையே இந்தப் பொதுப்பிழைதான். பனையோலையில் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எழுத்தறிவு மட்டும் உள்ள ஏடெழுதுவோன் கண்டதைக் கண்டபடி எழுதிவைப்பான். அவன் பிழை நமக்கு வழிகாட்டும். புலமை மிகுந்தவன் எழுதினால்தான் ஆபத்து. புரியாத இடத்தைத் தானே ‘திருத்தி’, திருத்திய தடமும் தெரியாமல் நமக்குத் தருவான். அத்தகைய மௌனத் திருத்தங்களைக் கண்டுபிடித்துக் குற்றஞ்சாட்டுவதுதான் என் இரண்டாம் இயல். அறுபது பக்கம். அந்த அறுபது பக்கத்தை எழுதிய கைதான் மாலை ஆறு மணிக்கு அழிப்பானை எடுத்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது நானூறு பாடலும் அவர் கையில் இல்லை. 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்கள் சிதைந்து கிடைத்தன. 1904இல் பதிற்றுப்பத்தை அச்சிட்டபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. நூறு பாடல் கொண்டதனாலேயே அப்பெயர் பெற்ற நூல், எண்பது பாடலோடு வெளிவந்தது. இன்றுவரை எண்பதுதான். ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்த அவர் குறைகண்டு சோம்பியவரல்லர். தேட வேண்டியதைத் தேடிவிட்டு, இல்லாததை இல்லை என்று காட்டி, உள்ளதை அச்சுக்குக் கொடுத்தார். முழுமைக்காகக் காத்திருந்தால் நான் ஆய்வு செய்ய நூலே இருந்திராது.

டொனால்ட் வின்னிகாட்டை நான் முதுகலையில் தேர்வுக்காகப் படித்திருந்தேன். குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த அவர், 1953ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்ற கருத்தை முன்வைத்தார். பச்சிளங்குழந்தையின் தேவைகளுக்கு முதலில் ஏறக்குறைய முழுதும் ஈடுகொடுக்கும் தாய், குழந்தையின் தாங்குதிறன் வளர வளரச் சிறிது சிறிதாக ஈடுகொடுக்கத் தவறுகிறாள். அந்தத் தவறுதல் பொறுத்துக்கொள்ள வேண்டிய குறையன்று. குழந்தை உலகத்தை உலகமாக அறிவதற்கு அது தேவை. அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி. முதல் வகுப்புக்கு அதை நீட்டுவது என் துணிச்சல். எல்லாச் சுமையையும் தாய்மேல் ஏற்றிய தலைமுறை அவருடையது என்ற பெண்ணியர்களின் விமர்சனத்திலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அவர் ‘தாய்’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு, பெற்றவளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார். அந்த அடைப்புக்குறி எங்கள் வாட்சப் குழுவுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

அந்தத் தொடருக்குத் தமிழாக்கம் தேடி வெகுநாள் அலைந்தேன். கடைசியில் அது எதிர்வீட்டு வாசலில் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா வரங்கல்காரர். நான் தெலுங்கு பேசி முடிக்கும் ஒவ்வொரு முறையும் ‘பர்வாலேது’ என்பார். நம் ‘பரவாயில்லை’தான். கவலை என்று பொருள்படும் ‘பர்வா’ பாரசீகத்திலிருந்து உருதுவின் வழியாக இரு மொழிகளுக்குள்ளும் நுழைந்த சொல். தமிழில் அது இரண்டு வேலை செய்கிறது. கீழே விழுந்தவரிடம் ‘பரவாயில்லை’ என்கிறோம்; சமையல் எப்படி என்றால் ‘பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறோம். கவலை வேண்டாம் என்பதும் போதுமான அளவு நன்று என்பதும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை வின்னிகாட்டுக்கு எவரும் தர முடியாது என்று நினைக்கிறேன்.

அழிப்பானைக் கீழே வைத்தபின் என் கைக்கு வேலையில்லாமல் போயிற்று. அதனால் நானும் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கு எழுதத் தொடங்கினேன். ஆசிரியை அவள், நாளுக்கு மூன்று எழுத்து. நம் ஒரே ‘க’வுக்கு அங்கே நான்கு இருக்கின்றன. நான்காவதை நான் சொல்லும்போதெல்லாம் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். “நாலாவது க இல்லம்மா அது, ரெண்டாவது.” இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று உங்களுக்குத் தமிழில் எழுதிக் காட்டவும் முடியவில்லை. என் தலகட்டுகள் தொடக்கூடாத இடங்களிலெல்லாம் தொட்டன. சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். பத்துக்கு நான்கு மதிப்பெண். மறுநாள் மூன்று. மூன்று வாங்கிய அன்று அவள் எனக்காக வருந்தி, ‘மிஸ் திட்ட மாட்டாங்க’ என்று ஆறுதல் சொன்னாள். வயிற்றுவலி எப்போது நின்றது என்று நான் குறித்துவைக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைப்பவள், இதைத் தவறவிட்டேன்.

தசரா விடுமுறைக்கு முன் பள்ளியில் பதுக்கம்மா. ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து பூவடுக்கு கொண்டுவர வேண்டும். பழைய நான் விழித்துக்கொண்டேன். இணையத்தில் ஆறு காணொளிகளைப் பார்த்தேன். கூம்பு எவ்வளவு உயரம், எந்த வரிசையில் எந்த நிறம் என்று தாளில் வரைந்தேன். தங்கேடு, குனுகு, பந்தி என்று பட்டியலோடு சந்தைக்குப் போனால், தங்கேடு என்பது நம் ஆவாரம்பூ. மதுரையில் எங்கள் தெருவோரம் கேட்பாரற்றுப் பூப்பது இங்கே மாநில மலர். இலை பரப்பி, அடுக்கு அடுக்காகப் பூக்களை வைத்தபோது ஐந்தாம் அடுக்கிலேயே என் கூம்பு பைசா கோபுரமாகச் சாய்ந்தது. பிரித்து அடுக்கினேன். மறுபடி சாய்ந்தது. இரவு பத்தரை. மகள் தூங்கிவிட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்ட அந்நேரத்தில் எதிர்வீட்டு அக்கா பால் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, நடுவில் இலைகளைக் கசக்கித் திணித்து, உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினார். சாய்வு கொஞ்சம் குறைந்தது. “பர்வாலேது” என்றார். சுற்றி நின்று கைதட்டி ஆடப்போகிறார்கள், பிறகு நீரில் விடப்போகிறார்கள். யார் உன் பதுக்கம்மாவை அளந்து பார்க்கப்போகிறார் என்று கேட்டார். அவர்தான் சொன்னார்: ஒன்பது நாள் விழாவில் ஆறாம் நாள் பூ அடுக்குவதேயில்லையாம். அம்மன் ஊடிக்கொண்ட நாள். ஒருநாள் விட்டுப்போனதற்காக விழா கெட்டுவிடுவதில்லை.

மறுநாள் பள்ளி மைதானத்தில் நாற்பது பூவடுக்குகள் இருந்தன. முயல் சப்பாத்தி அம்மாவுடையது மிக அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், பொறாமையில்லாமல் என்று சொன்னால் பொய். மகள் எங்களுடையதைத் தேடவில்லை. ஆடிக்கொண்டிருந்தாள், எல்லோரும் இடப்பக்கம் போகும்போது வலப்பக்கமாக.

அக்டோபர் இறுதியில் மூன்றாம் இயலை நெறியாளருக்கு அனுப்பினேன். இரண்டு இடங்கள் தீராமல் இருந்தன: ஒரு சுவடியின் காலம், ஒரு பதிப்பின் முன்னுரையில் வரும் பெயர். இரண்டையும் மஞ்சள் வண்ணமிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. முதற்பக்கத்திலேயே பதினேழு சிவப்புக் குறிகள். மஞ்சள் இட்ட இரண்டு இடங்களில் ஒன்றுக்கு அவரிடம் விடை இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால் எட்டு மாதங்களுக்கு முன் சொல்லியிருப்பார்.

நான் குணமாகிவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்தப் பதிவையே நான்கு முறை திருத்தியிருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியின் அட்டவணை இன்னும் தொங்குகிறது. செவ்வாயும் வியாழனும் மட்டும் வெற்றிடம், அந்த இரு நாளும் இணையர் பொறுப்பு. அந்நாள்களில் உணவுப் பெட்டிக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இன்று காலை குறிப்பேட்டில் கையொப்பமிட்டேன். பக்கம் நிறையத் தெலுங்குச் சொற்கள்.

“தப்பு இருக்காம்மா?”

“மூணு இருக்கு.”

“எதுன்னு சொல்லாத. மிஸ் பாத்துப்பாங்க” என்று சொல்லிப் பையை மூடினாள். கீழே ஆட்டோ ஒலியெழுப்பியது.